டெர்மட் கென்னடியின் அரங்க நிகழ்ச்சிக்குப் போகிறேன்: எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

மருதாணி:

அனைவருக்கும் வணக்கம். டப்ளினில் செவிலியராக வேலை பார்க்கிறேன். வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்னோடு இரவுப் பணியில் இருக்கும் கில்டேர்க்காரத் தோழி ஒருத்தி, டெர்மட் கென்னடி என்ற பாடகரின் நிகழ்ச்சிக்கு எனக்கும் சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கிவிட்டாள். இடம் 3அரீனா, நின்று பார்க்கும் பகுதி. "கைக்குட்டை ஒன்று போதாது, இரண்டாக எடுத்து வா" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் என் தம்பி இறந்துவிட்டான். நான் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சமைக்கும்போது பாட்டு வைக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அது அன்றோடு நின்றது. இந்தப் பாடகரின் பாடல்கள் பெரும்பாலும் இழப்பையும் பிரிவையும் பற்றியவை என்று கேள்விப்படுகிறேன். பல ஆயிரம் பேர் நடுவில், வெளியேற வழியில்லாத இடத்தில், எனக்கு அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது? பாடல்களை முன்கூட்டியே கேட்டுப் பழகிக்கொண்டு போக வேண்டுமா, அல்லது எதுவும் தெரியாமல் போவதே நல்லதா? அரங்க நிகழ்ச்சி எதற்கும் நான் இதுவரை போனதில்லை என்பதால், அங்கே என்னதான் நடக்கும் என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். நான் இருப்பது டப்ளினின் புறநகரான சாகர்டில். திரும்பி வருவதற்கு டிராமைத்தான் நம்பியிருக்கிறேன்.

லிஃபிக்கரை:

வணக்கம் சகோதரி. உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். இவருடைய நிகழ்ச்சிகளை டப்ளினிலும் லண்டனிலும் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், அவர் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். சாகர்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ராத்கூலில் 1991-இல் பிறந்தவர். மேனூத் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய செவ்வியல் இசை பயின்றார். ஆனால் அவருடைய பாட்டைப் பழக்கியது டப்ளினின் கடைத்தெருவான கிராஃப்டன் தெரு என்றே நான் சொல்வேன். அந்தத் தெருவில் கிதாரோடு நின்று பாடுகிறவர், கையில் பைகளோடு விரைகிற கூட்டத்தை மூன்று விநாடிக்குள் நிறுத்தியாக வேண்டும். நிறுத்த முடியாவிட்டால் கிதார்ப் பெட்டியில் காசு விழாது. அதனால்தான் கரகரப்பும் உரப்பும் கலந்த ஒரு குரல், ஒலிபெருக்கியே தேவையில்லை என்பதுபோல் நெஞ்சிலிருந்து நேராகப் புறப்பட்டு வருகிறது. இதை நீங்கள் முதல் பாட்டிலேயே உணர்வீர்கள். சோகப் பாடகர் என்றதும் முணுமுணுக்கிற குரலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அந்த முதல் பாட்டு ஓர் அதிர்ச்சி.

இரண்டாவது அதிர்ச்சி, தாளம். கிதாரும் பியானோவும் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஹிப்-ஹாப் இசையின் மேல் அவருக்கு உள்ள பற்று எல்லாருக்கும் தெரிந்தது. கான்யே வெஸ்ட் போன்றோரின் தொகுப்புகளில் பணியாற்றிய மைக் டீன் என்ற இசைத் தயாரிப்பாளரோடு 2018-இல் அவர் ஒரு வெளியீடே செய்திருக்கிறார். ஆகவே ஒரு பாட்டு வெறும் பியானோவோடு, கோயில் பிரகாரத்தில் யாரோ தனியாகப் பாடுவதுபோல் தொடங்கும். சொற்கள் மெல்ல நெருங்கி நெருங்கி, பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட வேகத்தில் உதிரும். திடீரென்று கீழ்ச்சுருதித் தாளம் தரை வழியாக உங்கள் கால்களுக்கு வந்து சேரும். அழுகை வருவதென்றால் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் வரும், வரிகளைக் கேட்டு அல்ல. அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் தோழி கைக்குட்டை பற்றிச் சொல்லியிருப்பார்.

நிகழ்ச்சி முழுவதும் அழுகையாகவே போகும் என்றும் அஞ்ச வேண்டாம். மெடூசா என்ற இத்தாலியக் குழுவோடு 2020-இல் அவர் பாடியது முழு நடனப் பாட்டு. இப்படிப்பட்டவை நடுநடுவே வரும்போது கூட்டம் குதிக்கும். அயர்லாந்துக் கூட்டத்துக்கே உரிய வழக்கம் ஒன்றும் உண்டு: பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நான்கு விநாடி அமைதி கிடைத்தாலும், கால்பந்து மைதானத்தில் பாடுகிற "ஓலே ஓலே"வை யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார், மொத்த அரங்கமும் சேர்ந்துகொள்ளும். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறவர்களும்கூட.

பாடல்களைக் கேட்டுவிட்டே போங்கள். 2019-இல் வந்த "வித்தவுட் ஃபியர்", 2022-இல் வந்த "சாண்டர்" ஆகிய இரண்டு தொகுப்புகளையும் ஒருமுறை கேட்டிருந்தால் அந்நியமாக உணர மாட்டீர்கள். சாண்டர் என்பது ஜான் கோனிக் என்பவர் புதிதாக உண்டாக்கிய சொல்: நம்மைக் கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் நம்முடையதைப் போலவே அடர்ந்த ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று திடீரென்று உறைப்பதைக் குறிப்பது. பல ஆயிரம் பேர் நடுவில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்களே, அந்தத் தலைப்பு அந்தப் பல ஆயிரம் பேரைப் பற்றியதுதான்.

பழைய ஒலிநாடா:

மேலே எழுதிய நண்பரின் உற்சாகத்தை மதிக்கிறேன். ஆனால் மாற்றுக் கருத்து ஒன்றும் இங்கே இருந்தாக வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த வகை அரங்க நிகழ்ச்சிகளில் அழுகை என்பது பாதி, அமைத்துத் தரப்படுவது. எந்த வரியில் விளக்குகள் அணைய வேண்டும், எந்த வரியில் வெள்ளை ஒளி பின்னாலிருந்து கூட்டத்தின் முகத்தில் அடிக்க வேண்டும், எந்த இடத்தில் தாளம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வோர் இரவும் நொடி பிசகாமல் நடக்கிற ஏற்பாடு. ஒரே வாரத்தில் இரண்டு ஊர்களில் பார்த்தால், இரண்டு ஊரிலும் ஒரே இடத்தில் பாடகருடைய குரல் உடைவதைக் கேட்பீர்கள்.

இதே அயர்லாந்தில் இந்த மரபு இவ்வளவு பெரிய மேடைக்காக உருவானதல்ல. கில்டேர் மாவட்டத்து செல்பிரிட்ஜிலிருந்து வந்த டேமியன் ரைஸ் 2002-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில், மூச்சு இழுக்கிற ஓசையும் செல்லோவின் நாண் உராய்கிற ஓசையும் கேட்கும். க்ளென் ஹான்சார்ட் பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டு, கிராஃப்டன் தெருவில் பாடத் தொடங்கியவர். 2007-இல் வந்த ஒரு சிறு டப்ளின் திரைப்படத்துக்காக மார்க்கெட்டா இர்க்லோவாவோடு சேர்ந்து எழுதிய பாட்டுக்கு அடுத்த ஆண்டே ஆஸ்கர் வாங்கினார். இவர்களுடைய இசைக்கு இருநூறு பேர் கூடும் அறையே அளவு. கென்னடி இவர்களுடைய வழியில் வந்தவர்தான். ஆனால் அறையைப் பதின்மூவாயிரம் பேருக்குப் பெரிதாக்கும்போது ஏதோ ஒன்று கைநழுவுகிறது.

சகோதரிக்கு என் அறிவுரை: துயரம் இன்னும் ஆறாதிருக்கும்போது, அழ வைப்பதற்கென்றே அமைத்த ஓர் இடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. தோழியிடம் நேரடியாகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஒலிமேசை:

அரங்க ஒலியமைப்புத் துறையில் இருக்கிறேன். பாடகரைப் பற்றி வாதிடப் போவதில்லை. அந்தக் கட்டடத்தையும் ஒலியையும் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனெனில் எங்கே நிற்பது என்பது உங்கள் கேள்விக்கான பாதி விடை.

3அரீனா முதலில் இசைக்காகக் கட்டியதே அல்ல. அது 1878-இல் எழுந்த ரயில் சரக்குக் கிடங்கு. 1988-இல் 'த பாயிண்ட்' என்ற பெயரில் இசை அரங்கமானது. 1994-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடனம் முதன்முதலாக ஆடப்பட்டது இங்கேதான். பிறகு வெளிச்சுவரை வைத்துக்கொண்டு உள்ளே முழுவதும் புதிதாகக் கட்டி 2008 டிசம்பரில் திறந்தார்கள். பழைய கிடங்கு நீளவாட்டத்தில் இருந்தது. புதியது விசிறி வடிவம். அதனால் கடைசி இருக்கையும் மேடையிலிருந்து 60 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த 60 மீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். ஆக, மேடையில் எழும் ஓசை கடைசி வரிசையை எட்ட ஏறத்தாழ 0.17 விநாடி ஆகிறது. அங்கே இருப்பவர்கள் சேர்ந்து பாடினால் அந்தப் பாட்டு மேடைக்குத் திரும்பி வர மறுபடியும் அவ்வளவு நேரம். வேகமான பாட்டில் இந்தத் தாமதம் தாளத்தைக் குழப்பிவிடும். கைதட்டல் சிதறுவதை நீங்களே கேட்கலாம். மெதுவான பாட்டிலோ அந்தத் தாமதம் ஒரு தட்டுக்குள் கரைந்துபோய், பதின்மூவாயிரம் குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஓரம் மழுங்கிய ஒரே குரலாகிவிடும். கென்னடி போன்றோரின் மெதுவான பாட்டுகள் பெரிய அரங்கில் எடுபடுவதற்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம். 'பழைய ஒலிநாடா' நண்பர் சொல்வதுபோல் விளக்குகளுக்குத் திட்டம் உண்டு, மறுக்கவில்லை. கூட்டத்தின் குரலை மட்டும் எந்தக் கணினியிலும் முன்கூட்டி ஏற்றி வைக்க முடியாது.

மேடையில் ஒன்றைக் கவனியுங்கள். பாடகர்கள் காதுக்குள் இயர் மானிட்டர் அணிந்திருப்பார்கள். அதில் அவர்களுக்குக் கேட்பது அவர்களுடைய குரலும் வாத்தியங்களும்தான், கூட்டம் ஏதோ தொலைவில் இருப்பதுபோல் மங்கலாகத்தான் கேட்கும். கூட்டம் உரக்கப் பாடத் தொடங்கியதும் ஒரு காதிலிருந்து அதை இழுத்துத் தோளில் தொங்கவிடுவார்கள். அந்தக் கையசைவைப் பார்த்தால், அவர் உங்கள் பாட்டைக் கேட்க விரும்புகிறார் என்று பொருள்.

நடைமுறைக்கு வருகிறேன். கீழ்ச்சுருதிக்கான ஒலிபெருக்கிகளான சப்வூஃபர்கள் மேடையை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும்; தடுப்புக் கம்பிக்கு அருகில் நின்றால் கீழ்ச்சுருதி வயிற்றைக் கலக்கும், குரலோ உங்கள் தலைக்கு மேலே போய்விடும். தரைப் பகுதியின் பின்பாதியில் ஒலிக்கலவை செய்யும் மேசை ஒரு சிறு வேலிக்குள் இருக்கும். அதன் பக்கவாட்டில் நில்லுங்கள். எங்கள் ஆட்கள் தங்கள் காதுக்குக் கேட்பதை வைத்தே சமன் செய்கிறார்கள் என்பதால் அங்கேதான் சொற்கள் தெளிவாகக் கேட்கும். நெரிசலும் குறைவு, வெளியே போகும் வழியும் பக்கம். காது அடைப்பான்கள் அவசியம் கொண்டுபோங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கென்று வகுத்த உச்ச அளவு, பதினைந்து நிமிடச் சராசரியில் 100 டெசிபல். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்த அளவை ஒட்டியே நிற்பது காதுக்கு நல்லதல்ல என்பதைச் செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சை அடைத்துக்கொள்ளாதீர்கள், அது மேல்சுருதியை மட்டும் வெட்டிவிட்டுச் சொற்களை மங்கலாக்கும். இசைக்கென்று விற்கும் அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும்.

லிஃபிக்கரை:

'பழைய ஒலிநாடா' ஐயா சொன்னதற்கு ஒரு சிறு மறுமொழி. அறை பெரிதானால் ஏதோ கைநழுவுகிறது என்கிறீர்கள். 2020 ஜூலையில், ஊரடங்கு காலத்தில், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து அவர் நடத்திய இணைய நிகழ்ச்சியைப் பார்த்தீர்களா? மேலே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்க, கீழே பார்வையாளர் என்று ஒருவரும் இல்லாமல், குழுவோடு பாடினார். ஒளியமைப்பில் குறையில்லை, குரலிலும் குறையில்லை. கூட்டம் பாட வேண்டிய இடங்கள் மட்டும் பல் விழுந்த வாய்போல் வெறுமையாக நின்றன. அன்றுதான் எனக்கு விளங்கியது, இந்தப் பாடல்களில் பாதியைக் கூட்டத்துக்காகவே அவர் எழுதாமல் விட்டுவைத்திருக்கிறார் என்று.

அழுவது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மூத்த பெண்மணி, மதிய உணவின்போது தினமும் மரண அறிவிப்புகள் வெளிவரும் இணையதளத்தைத் திறந்து, "மேயோவில் இன்னார் போய்விட்டார், அவருடைய அக்கா என்னோடு படித்தவள்" என்று உரக்க வாசிப்பார். முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இங்கே சாவு என்பது தாழ்ந்த குரலில் பேசுகிற விஷயமல்ல. உடலை வீட்டில் வைத்து, ஊரே வந்து தேநீர் குடித்து, கதை பேசி, பாடிவிட்டுப் போவார்கள். நம் ஒப்பாரியைப் போலவே இங்கும் பெண்கள் இறந்தவரை விளித்துப் பாடும் 'கீனிங்' என்ற மரபு இருந்தது. திருச்சபை அதைப் பல காலம் கண்டித்தது, இருபதாம் நூற்றாண்டில் அது ஏறக்குறைய மறைந்தே போனது. கென்னடியின் குரல் அதிலிருந்து வந்தது என்று நான் கதை கட்டமாட்டேன். ஆனால் இந்த ஊரின் கூட்டத்தில், பக்கத்தில் ஒருவர் அழுதால் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்றே எண்ணுகிறேன். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற, ரக்பி ஆட்டக்காரர் போன்ற உடல்வாகுள்ள ஓர் ஆள், ஒரு பாட்டு முழுவதும் தேம்பிவிட்டு, அடுத்த பாட்டுக்கு எல்லாரையும்விட உயரமாகக் குதித்தார். அவருடைய நண்பர்கள் செய்ததெல்லாம் கையிலிருந்த கோப்பையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொண்டதுதான்.

பழைய ஒலிநாடா:

அருங்காட்சியக நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உங்களுக்குக் குறையாகப் பட்ட அந்த வெறுமைதான் எனக்குப் பிடித்தது. இதில் நாம் உடன்படப் போவதில்லை. ஆனால் சகோதரிக்குச் சொன்னதில் ஒரு திருத்தம் செய்துகொள்கிறேன்: போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. போனால், கென்னடிக்கு முன்னால் பாடுகிறவரையும் கேட்கும்படி நேரத்துக்கே போய்விடுங்கள். அரைக்கால் நிரம்பிய அரங்கில், பெயர் தெரியாத ஒருவர் கிதாரோடு பாடும் அந்த அரைமணி நேரம், நான் சொன்ன சிறிய அறைக்கு மிக அருகில் வருவது.

மருதாணி:

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தொடர்ந்து நான்கு இரவுகள் பணி.

போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஒலிமேசை அண்ணா சொன்ன இடத்தில் நிற்கலாம் என்று தோழியிடம் சொன்னபோது, முன்கம்பியைப் பிடிக்க மூன்று மணிக்கே வரிசையில் நிற்பதாக இருந்தாளாம். கொஞ்சம் முகம் சுளித்தாள், பிறகு "பரவாயில்லை, எனக்கும் முதுகு வலிக்கும்" என்று ஒப்புக்கொண்டாள். தம்பியைப் பற்றி அவளிடம் அப்போதுதான் முதன்முதலாக முழுமையாகச் சொன்னேன். அவன் பெயரைக் கேட்டாள், இரண்டு முறை சொல்லிப் பார்த்து உச்சரிப்பைத் திருத்திக்கொண்டாள்.

லிஃபிக்கரை அண்ணா சொன்னபடி, நேற்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே முதல் தொகுப்பைப் போட்டுவிட்டேன். ஐந்தாறு பாட்டு வரைக்கும் சமாளித்தேன். அடுத்ததில் அடுப்பை மறந்து நின்றுவிட, ரசம் பொங்கி வழிந்து, தளதளவென்று கொதித்துக் கெட்டும் போய்விட்டது. பாட்டை நிறுத்தவில்லை.

ஒரே ஓர் ஐயம் மட்டும் இருக்கிறது: நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கத்தை ஒட்டிய பாயிண்ட் நிறுத்தத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் டிராமுக்கு முண்டியடித்தால், சாகர்டுக்கு நான் எப்படி வருவது?

லிஃபிக்கரை:

பாயிண்ட் நிறுத்தத்தில் நிற்காதீர்கள். ஆற்றை இடதுபக்கம் வைத்துக்கொண்டு துறையோரமாக மேற்கே நடங்கள். படுக்க வைத்த யாழைப் போலிருக்கும் சாமுவேல் பெக்கெட் பாலம் வரும்; அதில் ஏறாமல் தாண்டிப் போனால் கோனொலி நிலையத்துக்கு அரைமணிக்குள் போய்விடலாம். சாகர்ட் டிராம் அங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். அன்றைய கடைசி வண்டியின் நேரத்தை மட்டும் முதல்நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆளில்லையே என்று யோசிக்க வேண்டாம். அன்றிரவு அந்தத் துறை நெடுகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும், பாலம் வரும்வரை யாராவது பாடிக்கொண்டும் வருவார்கள்.